புழுவுக்கு முந்துவோம்

(பெரம்பலூர் வட்டார உழவர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் பயிர்களையும் மரங்களையும் தாக்கும் அந்துப்பூச்சிகள், வண்ணத்துப்பூச்சிகள் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ‘புழுவைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா?’ என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்றட்டும். நெல்லில் குருத்துப்பூச்சி யாருடைய பிள்ளை? அந்துப்பூச்சியின் பிள்ளை. கரும்பில் இடைக்கணுப்புழு? அந்துப்பூச்சியின் பிள்ளை. கடலையில் கம்பளிப்புழு, கத்தரியில் காய்ப்புழு, பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு, தென்னையில் கருந்தலைப்புழு, மக்காச்சோளத்தில் படைப்புழு? அத்தனையும் அந்துப்பூச்சியின் பிள்ளைகள்தாம். இந்த ஒரு குலத்தைப் புரிந்துகொண்டால் நம் பூச்சித் தொல்லையில் பெரும்பங்கைப் புரிந்துகொண்டோம் என்று பொருள்.

பூச்சியின் பெயர்ப் பட்டியலையும் அதற்கு எதிரே மருந்தின் பெயரையும் சொல்லிவிட்டு இறங்குவதற்காக நான் வரவில்லை. அந்தப் பட்டியல் உங்களுக்கே மனப்பாடம். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. புழுவைப் பார்த்த பிறகு தொடங்கும் போர் பாதி தோற்ற போர். வெல்ல வேண்டுமானால் புழுவுக்கு முந்த வேண்டும்.

மருந்துக் கடை வாசலில் தினமும் நடக்கும் பேச்சு ஒன்றைச் சொல்கிறேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

“அண்ணே, சோளத்துல புழு விழுந்திருச்சு. என்ன அடிக்கலாம்?”

“எத்தனை நாளா?”

“இன்னைக்குத்தான் பார்த்தேன்.”

“இந்தா, இதையும் அதையும் கலந்து அடி. நின்னுடும்.”

இந்தப் பேச்சில் தவறு எங்கே இருக்கிறது? கடைக்காரர் கொடுத்த மருந்திலா? அதைப் பிறகு பார்ப்போம். முதல் தவறு ‘இன்னைக்குத்தான் பார்த்தேன்’ என்பதில் இருக்கிறது. அவர் பார்த்தது இன்று. அது வந்தது என்று? அந்து வந்து முட்டையிட்டது இரண்டு வாரத்துக்கு முன்னால். முட்டை பொரிந்தது அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து. அன்று முதல் அது தின்றுகொண்டிருக்கிறது. நாம் பார்க்கும்போது நன்றாகப் பருத்து, குருத்துக்குள் ஆழமாக இறங்கி, தன் எச்சத்தாலேயே மேலே மூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் அடிக்கும் மருந்து அந்த மூடிமேல் விழுகிறது. புழுமேல் விழுகிறதா?

இந்தக் குலத்தின் வாழ்க்கைக்கு நான்கு பருவம். முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்து. இந்த நான்கில் நம் பயிரைத் தின்பது எத்தனை? ஒன்றே ஒன்று, புழு. முட்டை தின்னாது. கூட்டுப்புழு தின்னாது. அந்து பூவில் தேன் குடிக்கும், சில அந்துகள் அதுகூடச் செய்யாமல் முட்டையிட்டுச் செத்துப்போகும். முட்டையும் கூட்டுப்புழுவும் இருந்த இடத்தை விட்டு நகரவே முடியாதவை. அந்து பறக்கும், ஆனால் விளக்கையும் இணையையும் தேடித் தானாகவே வந்து விழும். மூன்று பருவத்தில் எளிதாகச் சிக்கும் எதிரியை விட்டுவிட்டு, அது பலத்தோடு ஒளிந்திருக்கும் நான்காவது பருவத்தில் போய் மோதிக்கொண்டிருக்கிறோம். இது நியாயமா?

படைப்புழுவிலிருந்தே தொடங்குகிறேன். இந்த மண்ணில் நின்று அதைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியுமா? மானாவாரி மக்காச்சோளத்துக்குப் பேர்போன மாவட்டம் இது. இங்கே விளைவது நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. இங்கே சோளம் படுத்தால் அங்கே தீவன விலை எழுந்து நிற்கிறது.

படைப்புழு நம் ஊர்ப் புழு அல்ல. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. 2016-இல் ஆப்பிரிக்காவில் தலைகாட்டியது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் மக்காச்சோளத்தில் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. 2019-இல் சீனம், 2020-இல் ஆஸ்திரேலியா. நான்கே ஆண்டில் மூன்று கண்டம்! எப்படி முடிந்தது? இந்த அந்து ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்கக்கூடியது. ஒரு பெண் அந்து 1,000 முட்டைக்கு மேல் இடக்கூடியது. முட்டையிலிருந்து அந்துவரை ஏறத்தாழ ஒரு மாதம்தான். 2018-ஆம் ஆண்டின் அந்தப் பருவத்தை இங்கிருக்கும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எந்த மருந்து, எத்தனை டேங்க் என்று யாருக்கும் தெரியாமல் கையில் கிடைத்ததையெல்லாம் கலந்து அடித்த காலம் அது.

இதன் அடையாளத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தலையில் தலைகீழாகக் கவிழ்ந்த ஒய் எழுத்துப் போல வெளிறிய கோடு. வால் பக்கத்தில் கடைசிக்கு முந்திய பகுதியில் நான்கு கரும்புள்ளிகள், சதுரத்தின் நான்கு மூலை. இந்த இரண்டும் இருந்தால் அது படைப்புழு.

ஆனால் இந்தப் புள்ளிகளை எண்ணும் அளவுக்குப் புழு பெரிதாகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? சோளம் முளைத்து ஒரு வாரத்தில் வயலில் இறங்குங்கள். ஐந்து இடத்தில் நின்று, இடத்துக்கு 20 செடி பாருங்கள். இலையைத் திருப்பினால் முட்டைக் குவியல் தெரியும். தாய் அந்து தன் உடல் ரோமத்தை உதிர்த்து மேலே போர்த்தியிருப்பதால் பழுப்பாய், பூஞ்சணம் பூத்தாற்போல இருக்கும். ஒரு குவியலில் 100, 200 முட்டை. விரலால் நசுக்கினால் முடிந்தது. ஒரு நசுக்கலில் 100 புழு! இந்தக் கணக்குக்கு ஈடான மருந்து எந்தக் கடையில் இருக்கிறது?

அதைத் தவறவிட்டீர்களா? பரவாயில்லை. அடுத்த அடையாளம் இலையில் வெள்ளை வெள்ளையாகச் சுரண்டிய தடம். குஞ்சுப்புழு பச்சையத்தை மட்டும் சுரண்டித் தின்னும். பிறகு நூல் விட்டுக் காற்றில் தொங்கிப் பக்கத்துச் செடிக்குப் போகும். இந்த நேரத்தில் வேப்ப எண்ணெய்க் கரைசல்கூடப் போதும். ஒன்பது பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து குருத்தில் ஒரு சிட்டிகை போட்டாலும் பலன் உண்டு. அதையும் தவறவிட்டால்? குருத்து விரியும்போது இலையின் குறுக்கே வரிசையாக ஓட்டைகள் தெரியும், குருத்தில் மரத்தூள் போல எச்சம் கிடக்கும். அந்தக் குருத்தைப் பிரித்தால் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய புழுதான் இருக்கும். ஏன் தெரியுமா? தன் உடன்பிறப்புகளையே தின்றுவிட்டு அது மட்டும் மிஞ்சியிருக்கிறது. தன் வாழ்நாளில் தின்னும் மொத்தத் தீனியில் பெரும்பங்கை அது தின்பது இந்தக் கடைசி நாட்களில்தான். நம்மில் பலர் கடைக்கு ஓடுவதும் இந்த நாளில்தான்.

கோடையில் ஆழ உழுது, கடைசி உழவில் ஹெக்டேருக்கு 250 கிலோ வேப்பம்புண்ணாக்கு இடுவதும், வரப்போரத்தில் தட்டைப்பயறோ எள்ளோ சூரியகாந்தியோ விதைப்பதும் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்தவை. புண்ணாக்கு மண்ணில் இருக்கும் கூட்டுப்புழுவுக்கு. வரப்புப் பயிர் பூச்சியைத் தின்னும் பூச்சிக்கு. இரண்டுமே புழு பிறப்பதற்கு முன்னால் செய்யும் வேலை என்பதைக் கவனியுங்கள்.

சரி, முட்டைப் பருவத்தில் அடிப்பது என்றால் முட்டையைத் தேடித்தேடி நசுக்குவது மட்டும்தானா? இல்லை. நெல்லுக்கும் கரும்புக்கும் வாருங்கள்.

நெல்லில் மஞ்சள் அந்து ஒன்று மாலையில் பறக்கும். பெண் அந்தாக இருந்தால் இறக்கைக்கு ஒன்றாகக் கரும்புள்ளி. அது இலை நுனிப் பக்கத்தில் முட்டையிடும். பொரிந்த புழு தண்டுக்குள் புகுந்துவிடும். இளம்பயிரில் புகுந்தால் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிடும். கதிர் வரும் நேரத்தில் புகுந்தால் வெண்கதிர், மணி பிடிக்காத கதிர். வெண்கதிரைப் பார்த்துவிட்டு மருந்து வாங்கி வருகிறவரைப் பார்த்து நான் கேட்பேன்: ஐயா, காய்ந்த கதிருக்கு மருந்து ஊற்றினால் மணி பிடிக்குமா?

இதற்கு நம் நாற்றங்காலிலேயே ஒரு வழி உண்டு. முட்டை இருப்பது நாற்றின் நுனியில். நாற்றைப் பறித்து முடி கட்டியதும் நுனியைக் கிள்ளிவிட்டு நட்டால் முட்டை வயலுக்குப் போகாது. செலவு? ஒரு பைசா இல்லை. முந்துவது என்றால் இதுதான்.

கரும்புக்கு வந்தால் இன்னும் அதிசயமான ஒன்று இருக்கிறது. டிரைக்கோகிரம்மா என்று ஒரு குளவி. குளவி என்றதும் கொட்டும் என்று நினைக்காதீர்கள். அரை மில்லிமீட்டர் அளவு, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அது தன் முட்டையை எங்கே இடுகிறது தெரியுமா? அந்துப்பூச்சியின் முட்டைக்குள் இடுகிறது! அந்த முட்டையிலிருந்து புழு வராது. குளவிதான் வரும்.

இந்தக் குளவியை வளர்க்கும் கூடத்தை வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். பேசின்களில் உடைத்த கம்பு பரப்பியிருப்பார்கள். அதில் வளர்வது கார்சைரா என்ற அந்து. நம் வீட்டு அரிசியிலும் கம்பிலும் நூலாம்படை கட்டிக் கெடுக்குமே, அதே அந்துதான். அதன் முட்டையைச் சேர்த்து, சலித்து, தூசி நீக்கி, புற ஊதா விளக்கில் காட்டிப் பொரியாமல் செய்து, பசை தடவிய அட்டையில் தூவுவார்கள். பிறகு குளவியை விடுவார்கள். ஒரு சில நாளில் வெளுப்பாக இருந்த முட்டை கருத்துவிடும். உள்ளே குளவி உருவாகிவிட்டது என்று அர்த்தம். அந்த அட்டையைத் துண்டு துண்டாகக் கத்தரித்துக் கரும்புச் சோகையின் அடிப்பக்கம் கட்டிவிட வேண்டும். இடைக்கணுப்புழுவுக்கு நாலாவது மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒரு தடவையாக ஆறு தடவை. களஞ்சியத்தைக் கெடுக்கும் அந்துவின் முட்டையைக் கொண்டே கரும்பைக் கெடுக்கும் அந்துவை ஒழிக்கிறோம்!

ஒன்றை மறந்துவிடாதீர்கள். அட்டை கட்டிய வயலில் மருந்து அடித்தால் முதலில் சாவது குளவி. அட்டைக்குக் கொடுத்த காசும் போய், மருந்துக்குக் கொடுத்த காசும் போய், புழு மட்டும் மிஞ்சும்.

அடுத்தது கூட்டுப்புழுப் பருவம். இதற்குக் கடலையைவிட நல்ல உதாரணம் கிடையாது. சிவப்புக் கம்பளிப்புழுவைத் தெரியாத கடலைக்காரர் உண்டா? கடலையை மொட்டையடித்துவிட்டுக் கூட்டம் கூட்டமாக அடுத்த காட்டுக்கு ஊர்ந்து போகும். போகும் வழியில் வாய்க்கால் போல் குழி வெட்டி அதில் விழவைத்துக் கொல்ல நம் பெரியவர்கள் பட்ட பாட்டைக் கேட்டிருப்பீர்கள்.

வயிறு நிறைந்த அந்தப் புழு எங்கே போகிறது? மண்ணுக்குள். வரப்போரத்திலும் மர நிழலிலும் கொஞ்சம் ஈரம் இருக்கும் இடமாகப் பார்த்துப் புதைந்து கூட்டுப்புழுவாகிறது. அடுத்த ஆண்டு மழைவரை அசையாமல் கிடக்கிறது. பல மாதம்! நம் காலுக்குக் கீழே, நம் சொந்த நிலத்தில், ஓடாமல் ஒளியாமல் கிடக்கிறது. அப்போது நாம் என்ன செய்கிறோம்? நிலம் சும்மாதானே கிடக்கிறது என்று நாமும் சும்மா இருக்கிறோம்.

கோடை மழை ஒன்று விழுந்ததும் சட்டிக் கலப்பையைப் போட்டு ஆழ உழுதுவிடுங்கள். உழவு ஓடும்போதே பின்னால் பாருங்கள். கொக்கும் மைனாவும் காக்கையும் வரிசை கட்டி வரும். அவை ஏன் வருகின்றன? புரண்ட மண்ணில் கிடக்கும் கூட்டுப்புழுவைப் பொறுக்க வருகின்றன. பறவைக்குத் தப்பியதை வெயில் முடிக்கும். வரப்போரத்தையும் மரத்தடியையும் கலப்பை எட்டாது. அங்கே மண்வெட்டியால் கொத்திவிடுங்கள், பெரும்பாலானவை அங்கேதான் இருக்கும்.

அதற்கும் தப்பியவை முதல் நல்ல மழை விழுந்த நாட்களில் சாயங்காலம் அந்தாகி வெளியே வரும். அந்த மழை ஒரு முன்னறிவிப்பு. அந்த இரவுகளில் விளக்குப் பொறி வையுங்கள், இல்லையென்றால் காட்டோரத்தில் தீ மூட்டுங்கள். கடலையோரத்தில் ஆமணக்கும் தட்டைப்பயறும் ஊன்றியிருந்தால் தாய் அந்து அங்கே முட்டையிடும். முட்டைக் குவியலோடும் குஞ்சுப்புழுக் கூட்டத்தோடும் அந்த இலையைப் பறித்து அழித்துவிடலாம்.

இது புதிய அறிவா? இல்லை. கோயம்புத்தூரில் வேளாண் கல்லூரி 1906-இல் அமைந்த காலம் தொட்டு நம் பூச்சியியல் அறிஞர்கள் இதைச் சொல்லி வருகிறார்கள். சென்னை மாகாணத்தின் பூச்சியியல் அறிஞராக இருந்த பிளெட்சர் 1914-இலேயே தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதினார். 1940-இல் டி.வி. இராமகிருஷ்ண ஐயர் தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கையேட்டை வெளியிட்டார். இன்றைய மருந்துகளில் பெரும்பாலானவை பிறக்காத காலம் அது. அவர்கள் எதை நம்பினார்கள்? பூச்சியின் நாட்காட்டியை நம்பினார்கள்.

இனி அந்துப் பருவம். கத்தரிக்காரர்களைக் கேட்கிறேன். உங்கள் தோட்டத்தில் அதிகம் மருந்து குடிக்கும் பயிர் எது? கத்தரிதானே? அதன் தண்டு, காய்த் துளைப்பானின் குஞ்சுப்புழு முட்டையை விட்டு வெளியே வந்த சில மணி நேரத்தில் கொழுந்துக்குள்ளோ காய்க்குள்ளோ நுழைந்துவிடும். நுழைந்த ஓட்டையைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்ளும். உள்ளே இருப்பதற்கு வெளியே எத்தனை தடவை அடித்தாலும் என்ன பயன்? அந்தக் காய் யாருடைய சட்டிக்குப் போகிறது?

தோட்டத்தில் தலைதொங்கிய கொழுந்தைக் கண்டால் ஓட்டைக்குக் கீழே கிள்ளி, காட்டிலேயே போடாமல் வெளியே கொண்டுபோய் எரியுங்கள். போன பட்டத்துச் செடியைப் பிடுங்கி வரப்பில் குவித்து வைக்காதீர்கள். அதில் இருக்கும் கூட்டுப்புழு அந்தாகிப் புதுச் செடிக்கு வரும். பிறகு இனக்கவர்ச்சிப் பொறி. பெண் அந்துவின் வாசனையைக் குப்பியில் வைத்துத் தொங்கவிட்டால் ஆண் அந்து தேடி வந்து விழும். ஒவ்வோர் இனத்துக்கும் அதனதன் வாசனை. கத்தரிப் பொறியில் படைப்புழு அந்து விழாது, படைப்புழுப் பொறியில் கத்தரி அந்து விழாது. பொறியில் விழும் எண்ணிக்கையைத் தினமும் குறித்துவாருங்கள். திடீரென்று கூடினால் இரண்டொரு நாளில் முட்டை விழப்போகிறது என்று பொருள்.

விளக்குப் பொறியை முன்னிரவில் மட்டும் எரியவிடுங்கள், போதும். விடிய விடிய எரிந்தால் நன்மை செய்யும் பூச்சியும் விழுந்துவிடும். வயலுக்குள் டி வடிவத்தில் குச்சி நட்டு வையுங்கள். பகலில் இரட்டைவால் குருவி அதில் உட்கார்ந்து அந்துவையும் புழுவையும் பிடிக்கும். அதற்குக் கூலி உண்டா?

மரங்களுக்கு வருவோம். தென்னையில் கருந்தலைப்புழு. கோடையில் ஓலைகள் தீயில் கருகினாற்போல நிற்கும். ஓலையைத் திருப்பிப் பார்த்தால் நூலாலும் எச்சத்தாலும் பின்னிய நீண்ட குகை தெரியும். அதற்குள் படுத்துக்கொண்டு பச்சையத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கும். அறுபதடி உயரத்தில் ஓலையின் அடிப்பக்கத்துக் குகைக்குள் இருக்கும் புழுவுக்கு எந்தத் தெளிப்பான் எட்டும்?

எட்டக்கூடியது ஒன்று இருக்கிறது. பெத்திலிட் என்ற ஒட்டுண்ணிக் குளவி. எறும்பு மாதிரிக் கறுப்பாக இருக்கும். குகைக்குள் நுழைந்து புழுவைக் கொட்டி அசையாமல் செய்துவிட்டு, அதன் உடல்மேல் வரிசையாக முட்டையிடும். அதோடு போய்விடுகிறதா? இல்லை. தன் குஞ்சுகள் அந்தப் புழுவைத் தின்று வளரும்வரை பக்கத்திலேயே காவல் இருக்கும். ஹெக்டேருக்கு 3,000 குளவி என்று விடச் சொல்கிறார்கள். வேளாண்மைத் துறையின் ஒட்டுண்ணி வளர்ப்பு மையங்களில் கிடைக்கும். தாக்குதல் கடுமையாக இருக்கும் அடியோலைகளை வெட்டி எரித்துவிட்டுக் குளவியை விடுங்கள். இங்கே நாம் அடிப்பது புழுப் பருவத்தில்தான். ஆனால் அடிப்பது நாம் அல்ல, அதன் எதிரி.

முருங்கையில் கம்பளிப்பூச்சி இரவில் இலையைத் தின்னும், பகலில் அடிமரத்தில் அடை அடையாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். மருந்து தேவையில்லை, ஒரு தீப்பந்தம் போதும், மரம் கருகாமல் காட்ட வேண்டும், அவ்வளவுதான். தேக்கில் ஓர் இலைதின்னிப் புழு உண்டு. பருவமழைக்கு முந்திய மழையில் தளிர் விடும்போது வந்து ஒரே வாரத்தில் மரத்தை மொட்டையாக்கிவிடும். மரம் சாகாது, மறுபடி தழைக்கும். அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் நிலம்பூர்த் தேக்குத் தோட்டத்தில் கேரள வன ஆராய்ச்சி நிலையம் அளந்து பார்த்தபோது, இளந்தேக்கு பருக்க வேண்டியதில் 44 விழுக்காடு இந்தப் புழுவால் பருக்காமல் போனது தெரிந்தது. சாகாத மரத்திலும் நட்டம் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

பேசச் சொன்னதில் வண்ணத்துப்பூச்சியும் இருக்கிறதே என்கிறீர்களா? சொல்கிறேன். வண்ணத்துப்பூச்சிகளில் பயிரைக் கெடுப்பவை வெகு சில. மாதுளையில் காயைத் துளைப்பது ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. பிஞ்சிலேயே துணிப்பையோ காகிதப்பையோ கட்டிவிட்டால் முட்டையிட வழியில்லை. இன்னொன்று எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி. தாய்மார்களே, உங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியிலும் இதைப் பார்க்கலாம். முதலில் இலைமேல் குருவி எச்சம் கிடப்பது போலத் தெரியும். எச்சமென்று நினைத்து விட்டுவிடுவோம். அதுதான் அதன் தந்திரம். குருவியும் அப்படித்தான் நினைத்து விட்டுவிடுகிறது! சில நாளில் தோல் உரித்து இலைப் பச்சைக்கு மாறும். ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு நீட்டும், கூடவே காரமான நாற்றம் வரும். கன்றுகள் இருக்கும் நாற்றங்காலில் இதைப் பொறுக்கிவிடுங்கள். வளர்ந்த மரத்தில் நாலு இலை போனால் போகட்டும். பெரிய எலுமிச்சை மரம் அதைத் தாங்கும்.

‘பூச்சி என்றாலே எதிரி’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். தமிழ்நாடு அரசு 2019-இல் தமிழ் மறவன் என்னும் வண்ணத்துப்பூச்சியை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. பட்டு கொடுப்பதும் ஓர் அந்துப்பூச்சிதான். இந்தக் குலத்தில் ஆயிரக்கணக்கான இனங்கள் உண்டு. பயிருக்குக் கேடு செய்வது அதில் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியைப் பெயர் சொல்லித் தெரிந்துகொண்டால் மற்றவற்றை நிம்மதியாக விட்டுவிடலாம்.

இப்போது கடைக்காரர் கொடுத்த மருந்துக்கு வருகிறேன். மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முந்தாமல் மருந்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பருத்தியின் கதையைக் கேளுங்கள். 1980-களின் தொடக்கத்தில் பைரித்ராய்டு மருந்துகள் பருத்திக்கு வந்தன. அடித்தவுடன் பச்சைக் காய்ப்புழு சுருண்டு விழுந்தது. எல்லோரும் அடித்தார்கள், அடிக்கடி அடித்தார்கள். 1987-88 பருவத்தில் ஆந்திரத்தின் குண்டூர், பிரகாசம் பகுதிகளில் எத்தனை அடித்தும் புழு சாகவில்லை. அது மருந்தைத் தாங்கப் பழகிவிட்டது. 2002-இல் மரபணு மாற்றிய பி.டி. பருத்தி வந்தது. பச்சைக் காய்ப்புழு அடங்கியது. ஆனால் காய்க்குள்ளேயே குடியிருக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதையும் தாங்கப் பழகி, குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் மீண்டும் தலைதூக்கியது.

2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20 பேர் அளவில் விஷம் ஏறி இறந்தார்கள். புழுவைக் கொல்ல எடுத்த மருந்து மனிதரைக் கொன்றது. மருந்தை இரண்டு மூன்றாகக் கலக்குகிறோம், காற்றுக்கு எதிரே நடக்கிறோம், முகத்துக்குத் துணிகூடக் கட்டுவதில்லை. நம் வீட்டுக்கு இது வர எவ்வளவு நேரம் ஆகும்? மருந்து கடைசி ஆயுதமாக இருக்கட்டும். அதையும் வேளாண் அலுவலர் சொன்ன ஒன்றை, சொன்ன அளவில் அடியுங்கள்.

இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கும் முந்த முடியும். பருவம் முடிந்ததும் பருத்திமாரை வேலியோரம் அடுக்கி வைக்கிறோம் அல்லவா? அதில் ஒட்டியிருக்கும் காய்ந்த காய்க்குள் புழு அடுத்த பருவத்துக்காகத் தூங்குகிறது. கடைசிப் பறிப்பு முடிந்ததும் ஆட்டை விட்டு மேயவிடுங்கள். மாரைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். இரண்டாம் தழைக்கு ஆசைப்பட்டுப் பயிரை இழுத்துக்கொண்டே போகாதீர்கள். அந்த ஆசையில் நாம் வளர்ப்பது பஞ்சை அல்ல, புழுவை.

அன்பர்களே, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஆனால் கடினமான ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் கோடை உழவு ஓட்டிவிட்டீர்கள், பக்கத்துக் காட்டுக்காரர் ஓட்டவில்லை. என்ன ஆகும்? நீங்கள் பொறி வைத்தீர்கள், ஊரில் வேறு யாரும் வைக்கவில்லை. என்ன ஆகும்? நீங்கள் புரட்டாசியில் விதைத்தீர்கள், ஒருவர் அதற்கு மூன்று வாரம் முன்னால், இன்னொருவர் மூன்று வாரம் பின்னால். என்ன ஆகும்? முன்னால் விதைத்த காட்டில் பெருகிய அந்து உங்கள் இளங்குருத்துக்கு வரும். உங்கள் காட்டில் பெருகியது பின்னால் விதைத்தவரின் குருத்துக்குப் போகும். வரப்பு மனிதருக்குத்தான். அந்துக்கு வரப்பு கிடையாது.

ஆகவே புழுவுக்கு முந்துவது ஒரு வீட்டு வேலையல்ல, ஊர் வேலை. ஊர் கூடிப் பேச நமக்கு இடம் இல்லையா? கிராம சபை இருக்கிறதே! அங்கே சாலை கேட்கிறோம், தண்ணீர் கேட்கிறோம், விளக்கு கேட்கிறோம். புழுவையும் அங்கே பேசினால் என்ன?

மே 1 கிராம சபையில் கோடை உழவைப் பேசுங்கள். டிராக்டர் யாரிடம் இருக்கிறது, எந்தத் திசையில் தொடங்குவது, உழவுக் கூலி கொடுக்க முடியாத கைம்பெண்ணின் ஒரு ஏக்கரை யார் ஓட்டுவது என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் விதைப்பைப் பேசுங்கள். மழை விழுந்தால் எத்தனை நாளுக்குள் ஊர் முழுக்க விதைத்து முடிப்பது, பொறி மொத்தமாக எங்கே வாங்குவது, வாரம் இருமுறை வயல் பார்க்கப் போகும் இளைஞர்கள் யார் யார் என்று பெயரோடு எழுதுங்கள். அக்டோபர் 2-ஆம் நாள் சபையில் அந்த இளைஞர்கள் எழுந்து நின்று, பொறியில் எத்தனை விழுந்தது, எந்தப் பக்கத்துக் காட்டில் முட்டை தெரிகிறது என்று ஊருக்குச் சொல்லட்டும்.

இங்கே வந்திருக்கும் ஊர்களில் ஒரே ஓர் ஊர் இந்த ஆண்டு இதைச் செய்து பார்க்கட்டும். கடையில் கொடுத்த காசையும் களத்தில் கண்ட மூட்டையையும் எழுதி வைக்கட்டும். அடுத்த ஆண்டு இதே மேடையில் நான் பேச வேண்டாம், அந்த ஊர்க்காரர் வந்து கணக்கு வாசிக்கட்டும். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க நான் வருகிறேன்.